செட்டிநாட்டுக்கே போய் செட்டிநாட்டுச் சாப்பாடு கிடைக்காமல் திரும்பினோம்

கோவை_ஊர்சுற்றி

இரண்டு நாள் பயணமாகக் குடும்பத்தோடு காரில் காரைக்குடி போய்வந்தோம். திண்டுக்கல், நத்தம், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழி. சாலையில் ஒரு குறையும் இல்லை. பிள்ளையார்பட்டியில் நடை சாத்துவதற்குள் தரிசனம். அப்புறம் ஆத்தங்குடியில் பெரிய வீட்டையும், தரைக்கல் செய்யும் பட்டறையையும் நிதானமாகப் பார்த்தோம். காரைக்குடிக்குள் நுழையும்போது மணி மூன்று, அகோரப் பசி.

கைபேசியில் நிறைய நட்சத்திரம் வாங்கியிருந்த ஒரு ஏசி ஹோட்டலில் உட்கார்ந்தோம். செட்டிநாடு சிக்கன், மட்டன் சுக்கா, மீன் வறுவல், சாதம். கோழியைத் தனியாக வேகவைத்து, குழம்பைத் தனியாகக் கொதிக்கவைத்து, இரண்டுக்கும் தட்டில் வைத்துத்தான் கல்யாணம் செய்திருந்தார்கள். சிவப்பு எண்ணெய் ஒரு விரல் உயரம் மிதந்தது. மிளகாய் எரிச்சல் மட்டும் மறுநாள் காலைவரை விசுவாசமாகக் கூடவே வந்தது. நான்கு பேருக்கு 2,140 ரூபாய். இதே சிக்கனை, இதே நிறத்தில், கோவை காந்திபுரத்தில் பாதி விலைக்குச் சாப்பிடுகிறேன்.

ராத்திரி ஒரு மெஸ் வாசல்வரை போனோம். கை கழுவும் தொட்டியைப் பார்த்ததும் என் மனைவி திரும்பி நடந்துவிட்டார். கடைசியில் அறையில் பன்னும் வாழைப்பழமும்.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்று ஒன்று செட்டிநாட்டில் உண்மையிலேயே இருக்கிறதா? வெளியூர் ஹோட்டல்காரர்கள் பலகையில் எழுதி எழுதிப் பெரிதாக்கிய பெயரா?

தேவகோட்டை_டீகிளாஸ்

சார், மூன்று மணிக்கு வந்துவிட்டு ஊரையே குறை சொன்னால் எப்படி?

எங்கள் பக்கம் மெஸ்ஸில் பன்னிரண்டரைக்கு இலை போட ஆரம்பிப்பார்கள். ஒன்றரைக்கு ஈரல் தீர்ந்துவிடும். இரண்டு மணிக்கு மேல் போனால் "குழம்பு இருக்குண்ணே, கறி இல்லை" என்பார்கள். இரண்டரைக்குப் பாத்திரம் கழுவும் சத்தம்தான். அன்றைக்கு ஆக்கியதை அன்றைக்கே தீர்க்கும் கடையின் லட்சணம் அது. மூன்று மணிக்கும், ராத்திரி பதினொரு மணிக்கும், மெனுவில் இருக்கிற அறுபது ஐட்டத்தையும் ஒருவர் தருகிறார் என்றால், பின்னால் ஒரே அண்டாவில் ஒரே மசாலாதான் கொதிக்கும். அதில் கோழி போட்டால் சிக்கன், நண்டு போட்டால் நண்டு. நீங்கள் சாப்பிட்டது அந்த அண்டாவை.

பள்ளத்தூர்_பேத்தி

நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்ட சாமானே தப்பு. நாங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு, இப்போது சென்னையில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் "செட்டிநாடு சிக்கன்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோழிக் குழம்பு உண்டு, கோழி வறுவல் உண்டு. பொரித்த கோழியின் மேல் சிவப்புக் குழம்பைக் கொட்டும் வழக்கம் கிடையாது.

பள்ளத்தூரில் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டு மத்தியானச் சாப்பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். பருப்பு, நெய். ஒரு இளங்குழம்பு. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, வெண்டைக்காயும் மொச்சையும் போட்ட மண்டி. சுண்டைக்காய்ப் பச்சடி. அப்பளம். மண்டியைச் சோற்றில் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டால் கண் சொருகும், அப்படியே ஆத்தங்குடிக் கல் தரையில் சாய்ந்துவிடலாம். கறுப்புக் கவுனி அரிசி விசேஷத்துக்கு. முதல் நாளே ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவார்கள். இதில் எது உங்கள் மெஸ் இலையில் வருகிறது? மெஸ்காரர்களும் ஹோட்டல்காரர்களும் விற்பது ஒன்றேதான். ஒருவருக்கு ஏசி உண்டு, இன்னொருவருக்கு இல்லை.

வெளியூர்க்காரர்கள் உண்மையான சாப்பாடு சாப்பிடவேண்டுமென்றால், பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கும் இடங்களில் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். காரைக்குடியில் தி பங்களா இருக்கிறது, கானாடுகாத்தான் பக்கமும் சில வீடுகள் இருக்கின்றன. இலை போட்டு, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பரிமாறுவார்கள்.

கரண்டி_மருமகன்

ஆச்சி (நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையாக அப்படித்தானே கூப்பிடுவோம்), கோபித்துக்கொள்ளாதீர்கள். இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் என் தாய்மாமன் சோறு போடமாட்டார்.

மாமா இருபது வருடத்துக்கு மேல் உங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமைத்தவர். சாந்தி கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), புதுமனை, சீமந்தம், எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் முன்னாலேயே போய் அடுப்பு மூட்டுவார்கள். மாமா நகரத்தார் இல்லை. அவரோடு போன ஆறு பேரில் ஒருவரும் இல்லை. பெரிய வீடுகளின் பின்கட்டுகளில் புகை குடித்து அந்தக் கைப்பக்குவத்தைக் காப்பாற்றியவர்களில் பாதிக்குமேல் சுற்று வட்டாரத்துக் கிராமத்து ஆட்கள். ஆச்சிமார் பக்கத்தில் நின்று சொல்லுவார்கள், அம்மியில் அரைத்தது இவர்கள். வீடுகள் பூட்டிக்கிடக்க ஆரம்பித்த பிறகு, எல்லாரும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு, அந்தக் கை என்ன செய்யும்? மாமா பத்து மேசை போட்டு மெஸ் வைத்தார்.

மண்டி ஏன் இலையில் இல்லை என்கிறீர்கள். மாமா வைத்துப் பார்த்தார். ஒரு மாதம் வைத்தார். "என்ன இது, புளித்தண்ணி மாதிரி இருக்கு, மட்டன் குழம்பு ஊற்றுங்க" என்று காரில் வந்தவர்கள் ஒதுக்கினார்கள். மிச்சமானதை நாங்கள் ராத்திரி சாப்பிட்டோம். எனக்கு மகிழ்ச்சிதான், கடைக்கு நஷ்டம். இப்போது செவ்வாய், வெள்ளி மட்டும் வைக்கிறார். அன்றைக்குத்தான் ஊர்க்காரர்கள் கவுச்சி வேண்டாமென்று வருவார்கள், கேட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

மெஸ்ஸில் குழம்பு வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் காய்ந்ததும் முதலில் கல்பாசி. பாறையிலும் மரத்திலும் படர்கிற பூஞ்சைப் பாசி அது, பச்சையாக முகர்ந்தால் ஒன்றுமே தெரியாது. சூட்டில் விழுந்ததும் தெருமுனைவரை மணக்கும். அப்புறம் சோம்பு, பட்டை, மராத்தி மொக்கு. சின்ன வெங்காயம் உரித்தே ஒரு அம்மாவுக்கு விரல் கறுத்துவிட்டது. வெங்காயம் நன்றாகச் சுருண்டபின் கறியை அதிலேயே போட்டுப் பிரட்டி, அதன் தண்ணீரிலேயே வேகவிடவேண்டும். கோவை சார் சொன்ன தட்டுக் கல்யாணம் எங்கள் கடையில் நடக்காது.

பள்ளத்தூர்_பேத்தி

தம்பி, உங்கள் மாமா கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சமைத்தவர்கள் பெயரை நாங்கள் சொல்லாமல் விட்டோம் என்பது சரியான குற்றச்சாட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், காரில் வருகிறவன் கேட்கிறான் என்று மண்டியை எடுத்துவிட்டீர்கள். அதைத்தானே நானும் சொன்னேன்? வீட்டில் மிளகும் சீரகமும் முன்னால் நிற்கும், மிளகாய் அடக்கமாக இருக்கும். காரம் என்பது ஹோட்டல்காரன் ஏற்றியது.

ராம்நாடு_முண்டு

இந்த "எங்கள் வீட்டில் காரமே கிடையாது" கதையை நிறுத்துங்கள் ஆச்சி. பக்கத்து ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். அதெல்லாம் எங்கே போகிறது, அலங்காரத்துக்கா? வரமிளகாய்த் துவையல் இல்லாமல் வெள்ளைப் பணியாரம் வைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டிலேயே தட்டைத் திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொன்று. அசல், அசல் என்கிறீர்களே, கவுனி அரிசி பர்மாவுக்கு வட்டித்தொழில் செய்யப் போனவர்கள் கொண்டுவந்தது. முதலில் வந்தபோது யாராவது ஒரு அப்பத்தா "இது என்ன கறுப்புச் சோறு" என்று மூக்கைச் சுளித்திருப்பார். இன்றைக்கு அது இல்லாமல் உங்களுக்கு விசேஷம் இல்லை.

பள்ளத்தூர்_பேத்தி

துவையல் விஷயத்தில் தோற்றுவிட்டேன். மற்றதில் இல்லை.

கோவை_ஊர்சுற்றி

எல்லாரும் சேர்ந்து என்னை நேரம் தெரியாதவன், சாப்பிடத் தெரியாதவன் ஆக்கிவிட்டீர்கள். சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். விடுதியில் முதல் நாளே சொல்லவேண்டும். மெஸ்ஸில் ஒன்றரைக்குள் இருக்கவேண்டும். மண்டி வேண்டுமென்றால் கிழமை பார்க்கவேண்டும். இது என்ன பயணமா, முகூர்த்தமா? குழந்தைகளோடு கார் ஓட்டிவருகிறவனுக்குப் பசித்த இடத்தில் சாப்பாடு வேண்டும். அந்த கை கழுவும் தொட்டியைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

கரண்டி_மருமகன்

தொட்டி நியாயம். போன வருடம்தான் எங்கள் கடையில் மாற்றினோம், அதுவும் நான் சண்டை போட்டபிறகு. "சோறு நல்லா இருந்தா வருவான்" என்று மாமா இன்னும் முணுமுணுக்கிறார். சோறு நன்றாக இருந்தும் ஒரு குடும்பம் வாசலோடு திரும்பிப் போகிறது என்று உங்கள் பதிவைக் காட்டப்போகிறேன்.

இருசக்கரம்_புதுகை

புதுக்கோட்டை, திருமயம் வழியாக மாதம் ஒருமுறையாவது பைக்கில் வருகிறவன். என் வழக்கம் சொல்கிறேன். நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. பதினொரு மணிக்கு ஊருக்குள் வந்ததும் மளிகைக் கடையிலோ பஸ் ஸ்டாண்டு பூக்கடையிலோ "நீங்க மத்தியானம் எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேட்பேன். "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் ஏசி இருப்பதைத்தான் கை காட்டுவார்கள், உங்கள் மரியாதைக்காக. எங்கே சாப்பிடுவீர்கள் என்றால் பதிலே வேறு.

மெஸ்ஸில் மீன் இருந்தால் முதலில் அதைக் கேட்பேன். தொண்டிக் கடல் பக்கம்தானே. ராத்திரி திரும்பும் வழியில் புதுக்கோட்டையில் பரோட்டாவும், மசாலாவில் பிரட்டிய முட்டை மாஸும். அதை செட்டிநாடு என்று சொன்னால் ஆச்சி அடிக்கவருவார், அதனால் சொல்லவில்லை.

தேவகோட்டை_டீகிளாஸ்

கோவை சார், உங்கள் மூன்று மணியைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டுக்குத்தான் அது கெட்ட நேரம். அந்தப் பசிக்கு இரண்டு வாழைப்பழம் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் நாலு மணிக்குப் பலகாரக் கடையில் எண்ணெய் காய்ந்திருக்கும்.

வெள்ளைப் பணியாரத்துக்குப் புளிக்கவைக்கும் வேலையே இல்லை. படியில் பச்சரிசியைத் தலை தட்டி, அதன்மேல் கோபுரமாக உளுந்து, அவ்வளவுதான் அளவு. ஊறியதும் வெண்ணெயாக அரைத்து உடனே சுடவேண்டும். ஒரு கரண்டி மாவு, ஒரு பணியாரம், அது உப்பி மேலே வந்தபிறகுதான் அடுத்தது. அதனால் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். ஓரம் மொறுமொறு, நடு பஞ்சு. பக்கத்தில் மசாலைச் சீயமும் இருக்கும், இனிப்புக்குக் கந்தரப்பம். நாலு பேருக்கு வயிறு நிறைந்தாலும் உங்கள் 2,140இல் கால்வாசி ஆகாது. ஆறிப்போனால் மட்டும் வாங்காதீர்கள், எண்ணெயைக் குடித்துக்கொண்டு சவசவ என்றாகிவிடும்.

கோவை_ஊர்சுற்றி

இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக்கூடாதா? நாங்கள் நாலு மணிக்கு அறையில் ஜெலூசில் குடித்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகளுக்கு அடுத்த விடுமுறையில் இன்னொரு தடவை வரலாம் என்று மனைவியே சொல்கிறார், பணியாரத்துக்காக. இந்தத் தடவை ஆத்தங்குடியைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுகிறேன். மெஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமை வந்தால் மண்டி உண்டா?

பள்ளத்தூர்_பேத்தி

மண்டியை மெஸ்ஸிலா சாப்பிடப் போகிறீர்கள்? பாவம்.

கரண்டி_மருமகன்

உண்டு சார். ஆச்சி ஊருக்கு வந்தால் அவர்களுக்கும் ஒரு இலை உண்டு, சாப்பிட்டுவிட்டு ஆயா மண்டியோடு ஒப்பிட்டுத் திட்டட்டும். சிங்கம்புணரி தாண்டும்போது இங்கே ஒரு வரி போடுங்கள், எத்தனை இலை என்று மாமாவிடம் சொல்லிவைக்கிறேன். ஒன்றரைக்குள் வந்துவிடுங்கள்.