சிரியாக்காரத் தோழி கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

கொழிஞ்சாம்பாறைப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருவனந்தபுரத்தில் எம்.ஏ. அரசியல் படிக்கிறேன். ஹாஸ்டலில் பக்கத்து அறையில் சிரியாவின் ஹோம்ஸ் ஊர்க்காரி ஒருத்தி இருக்கிறாள். இந்திய அரசு ஸ்காலர்ஷிப்பில் வந்தவள், என் வயதுதான், 24. படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போகிறாள், போய் அரசியலில் இறங்கியே தீருவேன் என்கிறாள்.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி விழுந்தபோது அவள் விடிய விடிய போனும் கையுமாகச் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதையும் பார்க்கிறேன். 2025 மார்ச் கடைசியில் அமைத்த இடைக்கால அமைச்சரவையில் 23 பேர், அதில் ஹிந்த் கபவாத் ஒருவர்தான் பெண், சமூக நலமும் தொழிலாளர் துறையும் அவருக்கு. அக்டோபர் 5 அன்று மக்கள் மன்றத்துக்கு, அதாவது அவர்கள் நாடாளுமன்றத்துக்கு, தேர்தல் நடந்தது, ஆனால் நம்மைப் போல எல்லாரும் வரிசையில் நின்று போடும் ஓட்டு இல்லை. மொத்தம் 210 இடம், 70 பேரை அதிபரே நியமிப்பார், மிச்சத்தை ஊர் ஊராக அமைத்த சிறு குழுக்கள்தான் தேர்ந்தெடுக்கும். சில மாகாணங்களில் தள்ளி வைத்துவிட்டார்கள். முதலில் முடிவு வந்த 119 பேரில் பெண்கள் 6 பேர்.

அவள் என்னிடம் கேட்டது இதுதான். "உங்கள் வார்டு மெம்பர் பெண், பஞ்சாயத்து பிரசிடெண்ட் பெண், இந்த நகரத்துக்கே 21 வயதில் ஒருத்தி மேயராக இருந்தாள் என்கிறாய், இதை எப்படிச் செய்தீர்கள்?" நான் இட ஒதுக்கீடு என்றேன். "அது வந்தால் போதுமா?" என்றாள். எனக்கு நேர்மையாகச் சொல்ல பதில் இல்லை. மெம்பராக இருந்தவர்கள், வீட்டில் யாராவது இருந்தவர்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வடகரப்பதி அக்கா:

தங்கச்சி, நம்ம பக்கத்துப் பஞ்சாயத்துதான் நான். 2010-ல் கேரளாவில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனபோது எங்கள் வார்டு பெண் வார்டாக விழுந்தது, நான் நின்றேன், ஜெயித்தேன், ஐந்து வருஷம் இருந்தேன். உன் தோழிக்குச் சொல், அது வந்தால் போதாது, ஆனால் அது வராமல் நான் அந்த நாற்காலிப் பக்கமே போயிருக்க முடியாது. இரண்டையும் சேர்த்துச் சொல்.

என்னை யாரும் திடீரென்று தெருவிலிருந்து பிடித்துக்கொண்டு போய் நிறுத்தவில்லை. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் இருந்தேன், கேரள அரசுத் திட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சுயஉதவிக் குழு அது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுத் திண்ணையில் பதினைந்து பேர் உட்கார்ந்து பத்தும் இருபதும் சேமிப்போம், யாருக்குக் கடன் தருவது என்று சண்டை போடுவோம். மினிட்ஸ் புஸ்தகம் என் கையில்தான் இருக்கும். யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவு என்று அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசுவதற்கும், கணக்குக் கேட்டால் கோபப்படாமல் கணக்கைக் காட்டுவதற்கும் அங்கேதான் பழகினேன். வாயே திறக்காத பெண்கள் கடன் விஷயத்தில் வாய் திறந்து, அப்புறம் கிராமசபையில் ரோடு கேட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மெம்பரான முதல் கூட்டத்துக்கு என் வீட்டுக்காரரும் வந்தார், துணைக்குத்தான் வந்தார், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அதிகாரிகள் என்னைத் தாண்டி அவர் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். அது மூன்று கூட்டம் நடந்தது. நாலாவது கூட்டத்துக்கு நீங்கள் வர வேண்டாம் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டேன், இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை, அப்புறம் சரியாகிவிட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம் ஃபைல். எல்லாமே மலையாளம், நான் படித்தது தமிழ் மீடியம். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுவார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போடுவதா? என் மகள் பள்ளியில் மலையாளம் படித்தாள், ராத்திரி அவளிடம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எட்டு மாசத்தில் திட்ட அறிக்கையை நானே வாசித்து, எங்கள் வார்டுக்கு ஒதுக்கிய குடிநீர்க் குழாய் வேறு வார்டுக்குப் போயிருப்பதைக் கண்டுபிடித்துக் கேட்டேன்.

பெண் வார்டு எது என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும், அந்தச் சுழற்சியில் 2015-ல் எங்கள் வார்டு பொதுவாகிவிட்டது. பெண் நிற்கக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? இல்லை. ஆனாலும் கட்சி ஒரு ஆணுக்குத்தான் கொடுத்தது. வேலையைக் கற்றுக்கொண்டவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. கீழே பாதிக்குப் பாதி பெண்கள் இருக்கும் இதே கேரளாவில் 2021 சட்டசபைத் தேர்தலில் 140 பேரில் 11 பெண்கள்தான் ஜெயித்தார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

இன்னொன்று, இளம் பெண் என்பதால் சொல்கிறேன். அயல்கூட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் சேர முடியும், அதனால் மாமியாரோ அம்மாவோ உட்கார்ந்தால் மகளுக்கும் மருமகளுக்கும் இடமே இல்லை. இது தப்பு என்று புரிந்து 2021-ல்தான் 18 முதல் 40 வயதுக்காரர்களுக்குத் தனியாக ஆக்ஸிலரி குரூப் என்று துணைக் குழுக்களைத் தொடங்கினார்கள். அமைப்பைத் தொடங்கும்போதே சின்னப் பெண்களுக்கு வழி வைக்காவிட்டால் இருபது வருஷம் ஓடிவிடும்.

குப்பத்துக்காரன்:

அக்கா சொன்னது அக்காவின் கதை. எங்கள் ஆந்திரா பக்கத்தில் என் சித்தியே சர்பஞ்ச்சாக, அதாவது பஞ்சாயத்துத் தலைவராக இருந்தார். ஐந்து வருஷமும் சித்தப்பாதான் சர்பஞ்ச், ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, சித்தி சமையலறையில் நின்றபடி கையெழுத்துப் போடுவார். எனக்கு அப்போது பதினாறு வயது, அது தப்பென்று கூடத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சித்திக்கு அக்கா சொல்கிற அந்த ஒன்பது வருஷத் திண்ணை இல்லை, அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். உங்கள் தோழியிடம் சித்தி கதையையும் சொல்லுங்கள்.

தேயிலைக்காடு:

நான் மூணாறு. இட ஒதுக்கீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், 2015 செப்டம்பரை மறந்துவிட்டீர்களா? 20 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆகக் குறைத்தார்கள், நாள் கூலி 232 ரூபாய், லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீட்டில், ஒற்றை அறை. கொழுந்து கிள்ளும் பெண்கள், என் அம்மாவும் அதில் ஒருத்தி, ஆயிரக்கணக்கில் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். யூனியன் தலைவர்களை, எல்லாரும் ஆண்கள், கிட்டவே சேர்க்கவில்லை. ஒன்பது நாள். போனஸ் திரும்ப வந்தது, அடுத்த மாசம் கூலி 301 ஆனது. கேட்டது 500, அது கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள்தான் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வைத்துக்கொண்டு நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களையும் பிடித்தார்கள்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். தலைவிகளுக்குள் பிளவு வந்தது, கட்சிகள் ஆளுக்கு ஒருவரை இழுத்தன, இரண்டு மூன்று வருஷத்தில் கூட்டம் கரைந்துவிட்டது. அம்மா இன்றைக்கும் சொல்வார், ரோட்டில் உட்காரத் தெரிந்தது, எழுந்த பிறகு எப்படிச் சேர்ந்து இருப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று. சிரியாவில் 2011-ல் ஊர்வலங்களை ஒருங்கிணைத்த உள்ளூர் குழுக்களில் பெண்கள் எத்தனை பேர்! ரசான் ஸைத்தூனே என்ற வக்கீல் அதில் முன்னால் நின்றவர், 2013 டிசம்பரில் டமாஸ்கஸ் பக்கத்துத் தூமா ஊரில் கூட இருந்த மூன்று பேரோடு கடத்தப்பட்டார். நம்ம கஷ்டம் போனஸும் கூலியும், அவர்கள் உயிரை வைத்தார்கள். அந்தத் தோழிக்கு நாம் பாடம் எடுக்கிற தோரணையில் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாலக்காடு டு ஷார்ஜா:

பதினோரு வருஷமாகச் சிரியாக்காரர்களோடு வேலை பார்க்கிறேன், அந்த நாட்டுச் செய்தியை விடாமல் படிப்பவன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

அங்கே பெண்களுக்கு ஓட்டு 1949-லேயே வந்தது, முதலில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்கு மட்டும். நஜா அல் அத்தார் 1976 முதல் 2000 வரை கலாச்சார அமைச்சர், 2006-ல் துணை அதிபரே ஆனார். உச்சியில் ஒரு பெண் இருந்தார், ஆனால் கீழே ஒரு பெண்ணும் வாய் திறந்து அரசாங்கத்தை ஒரு கேள்வி கேட்க முடியாது. அதனால் ஒரு பெண் அமைச்சரைக் காட்டி சமாதானம் சொன்னால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை.

இரண்டாவது, 2025 அக்டோபர் தேர்தலில் எங்கே அடைத்தது என்று பாருங்கள். ஓட்டுப் போடும் குழுக்களில் 20 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஜெயிக்கும் இடங்களில் ஒன்றைக்கூடப் பெண்களுக்கென்று ஒதுக்கவில்லை. கையில் ஓட்டு இருந்தது, உட்கார இடம் இல்லை. வடகிழக்கில் குர்து இனத்தவர் நடத்திய நிர்வாகத்தில் வேறு மாதிரி செய்தார்கள், நிர்வாகத் தலைமைப் பதவிகளுக்கு ஒரு ஆண் ஒரு பெண் என்று இரட்டைத் தலைமை. அங்கே கட்சி வைத்ததே சட்டம் என்ற குறையும் இருந்தது, ஆனால் இந்த ஏற்பாட்டால் கூட்டம் நடத்தவும் கையெழுத்துப் போடவும் பழகிய பெண்கள் ஒரு தலைமுறையே உருவாகிவிட்டார்கள். தோழியிடம் கேளுங்கள், ஹோம்ஸில் தெரு அளவில், பள்ளி அளவில் ஏதாவது குழு இருக்கிறதா? அதில் கணக்கு எழுதுவது யார்?

கொழிஞ்சாம்பாறைப் பொண்ணு:

எல்லாவற்றையும் நேற்று ராத்திரி அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க ஒரு மணி ஆகிவிட்டது. குப்பத்து அண்ணா சித்தி கதையைச் சொன்னபோது எங்கள் ஊரிலும் இதே என்றாள். மூணாறு விஷயத்தைக் கேட்டு நீண்ட நேரம் பேசவில்லை. ரசான் பெயரைச் சொன்னதும் அழுதுவிட்டாள், அவள் அம்மா டீச்சர், 2011-ல் ஊர்வலத்துக்குப் போனவராம்.

ஷார்ஜா அண்ணா, உங்கள் கேள்விக்கு அவள் பதில்: தெருவில் தண்ணீருக்கும் ஜெனரேட்டர் காசுக்கும் ஒரு குழு இருக்கிறது, ஆண்கள் மட்டும், கணக்கு யாரும் எழுதுவதில்லை.

வடகரப்பதி அக்கா, அவளுக்கு அந்த மினிட்ஸ் புஸ்தகத்தைப் பார்க்க வேண்டுமாம். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, எப்படிக் கட்டம் போட்டிருக்கிறார்கள், எங்கே கையெழுத்து வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்கிறாள். வருகிற ஞாயிறு கூட்டிக்கொண்டு வரலாமா?

வடகரப்பதி அக்கா:

தாராளமாக வாங்க. மூன்று மணிக்குக் கூட்டம், இந்த வாரம் எங்கள் வீட்டில்தான். சனிக்கிழமையே ரயில் ஏறிவிடுங்கள், பாலக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வர நேரமாகும். பழைய புஸ்தகங்களையும் பரணிலிருந்து இறக்கி வைக்கிறேன். அவளைப் பேசச் சொல்லுவோம், நீ தமிழில் சொல்லு. சாப்பாட்டில் அவளுக்கு ஆகாதது ஏதாவது இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடு.