வீடு எனக்கு, கடன் அவருக்கு என்று எழுதி வாங்கினேன். நோட்டீஸ் எனக்கு வந்தது

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். கல்யாணத்துக்கு அப்பா என் பெயரில் எட்டு சென்ட் எழுதித் தந்தார். அதில் வீடு கட்ட வங்கிக் கடன் எடுத்தோம். என் கணவருக்கு வளைகுடாவில் வேலை, அதனால் முதல் கையெழுத்து அவருடையது. நிலம் என்னுடையது, அதனால் அடமானத்தில் கிடப்பது என் பத்திரம்.

பிரிவதென்று ஆனபோது சண்டை இல்லாமல்தான் பேசினோம். கிறிஸ்தவர்கள் என்பதால் விவாகரத்துச் சட்டம் 10ஏ பிரிவில் சேர்ந்து மனு கொடுத்தோம். கல்யாணத்துக்கு அப்புறம் சேர்த்ததை ஆளுக்குப் பாதி என்று பிரிக்கும் சட்டம் நமக்கு இல்லை, பேசி எழுதிக்கொள்வதுதான் நல்லது என்றார் வக்கீல். வீடு எனக்கு, மீதிக் கடன் அவர் கட்டுவார், அவர் சேமிப்பை நான் கேட்க மாட்டேன். தீர்ப்பிலும் அப்படியே ஏறியது.

ஏழு மாதம் தவணை போனது, அப்புறம் நின்றுவிட்டது. குறுஞ்செய்தி எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும், எனக்கு எப்படித் தெரியும்? 90 நாள் தாண்டி வாராக்கடன் ஆகி, 60 நாளில் முழுத் தொகையும் கட்டச் சொல்லி நோட்டீஸ். தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது அம்மா முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். "என்ன மக்ளே?" என்றாள். எனக்கு வாய் வரவில்லை.

தீர்ப்பு நகலோடு வங்கிக்கு ஓடினேன். மேலாளர் தன்மையாகத்தான் பேசினார்: "டீச்சர், இது உங்க ரெண்டு பேருக்குள்ள உள்ள ஏற்பாடு. எங்க பத்திரத்துல ரெண்டு கையெழுத்து இருக்கு. யாருகிட்டயும் முழுசா கேக்கலாம்."

ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறதாம். தீர்ப்பு எனக்குத் தந்தது, நான் கட்டியதை அவரிடம் வசூலிக்கும் உரிமை மட்டும். மனு போடும் முன்பே வங்கிக்குப் போயிருக்க வேண்டும். கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டிருக்கலாம். இல்லையென்றால் ஒருவர் பெயருக்கு மாற்றி, மற்றவரை விடுவித்ததாக வங்கியிடமே எழுதி வாங்கியிருக்கலாம். எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. உங்களில் யாராவது இப்போது மனு எழுதிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நாளைக்கே போய்க் கேளுங்கள்.

ஆறு வளையலையும் அடகு வைத்துப் பாக்கியைக் கட்டிவிட்டேன். தீர்ப்பில் எழுதியபடி அவரைக் கட்டவைக்க, நாகர்கோவில் கோர்ட்டில் நிறைவேற்று மனு நடக்கிறது.

மறுமொழி:

அக்கா, எனக்கு நகையில் வந்தது இதே சங்கடம். தக்கலையில் இருக்கிறேன். லாரி வாங்க என் 22 பவுனைக் கணவர் தன் பெயரில் அடகு வைத்திருந்தார். பிரிந்த பிறகு வங்கியில் கேட்டால், சீட்டு யார் பெயரிலோ அவர் வந்தால்தான் தருவோம் என்கிறார்கள். பெண்ணுக்குப் போட்டது அவளுடைய ஸ்திரீதனம், கணவர் கையில் இருந்தாலும் அவளுக்கே சொந்தம் என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எது என் நகை என்று காட்ட வேண்டுமே. கல்யாண ஆல்பத்தை விரித்து, அண்ணியும் நானும் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு மாலையாக எண்ணினோம். பழைய நகைக்கடை ரசீது அப்பாவின் இரும்புப் பெட்டியில் கிடந்தது, மை பாதி அழிந்து. அதைத்தான் வக்கீல் முதலில் கேட்டார்.