யுடிஆரில் பெயர் மாறிய பட்டாவும் நாங்கள் போட்ட விளம்புகை வழக்கும்

எங்கள் தந்தை பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் மூலம் வாங்கி அனுபவித்து வந்த நிலத்துக்கு, 1980-களில் நடந்த யுடிஆர் எனும் நில ஆவணப் புதுப்பிப்பின்போது அவருடைய பங்காளி ஒருவரின் பெயரில் பட்டா ஏறிவிட்டது. அந்தப் பங்காளி இருந்தவரை அதை வைத்து எந்த உரிமையும் கோரவில்லை. அவருடைய மகன்கள் அந்தப் பட்டாவைக் காட்டி நிலத்தை விற்க முன்பணம் வாங்கியபோதுதான் சிக்கல் தொடங்கியது.

பட்டாவைத் திருத்தக் கோரிய எங்கள் மனுவை, உரிமையியல் நீதிமன்றத்தில் பரிகாரம் தேடிக்கொள்ளும்படி கூறி வட்டாட்சியர் முடித்து வைத்தார். பலர் இதைத் தட்டிக்கழிப்பு என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டா உரிமையைத் தருவதும் இல்லை, பறிப்பதும் இல்லை. பட்டா பாஸ் புத்தகப் பதிவால் பாதிக்கப்பட்டவர், தம் உரிமையை மறுப்பவர்மீது விளம்புகை வழக்கு (உரிமை தமக்கே என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரும் வழக்கு) தொடரலாம் என்றும், அந்த விளம்புகைக்கு ஏற்பப் பதிவைத் திருத்த வேண்டும் என்றும் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்கிறது.

உறவினர் சிலர், கட்டணம் குறைவு என்பதால் நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிர்த்தரப்பு தலையிடக் கூடாது என்ற தடையாணை) மட்டும் கேட்டால் போதும் என்றார்கள். எங்கள் வழக்கறிஞர் அதற்கு இணங்கவில்லை. உரிமையின்மீதே ஐயம் படிந்திருக்கும்போது வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு போதாது என்று 2008-இல் அனத்துல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. மறுபுறம், கேட்கக்கூடிய மேற்பரிகாரத்தைக் கேட்காமல் விளம்புகை மட்டும் கோரினால், 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். சுவாதீனம் எங்களிடம் இருந்ததால் விளம்புகையோடு உறுத்துக்கட்டளையும் கேட்டோம். சுவாதீனம் இழந்தவர்கள் அதை மீட்கும் பரிகாரத்தையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.

எதிர்த்தரப்பின் முதல் வாதம் காலவரையறை. பட்டா ஏறிய நாளிலேயே மூன்றாண்டுக் கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்றார்கள். எங்கள் உரிமையை அவர்கள் வெளிப்படையாக மறுத்தது முன்பணம் வாங்கியபோதுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

உண்மையான போராட்டம் சொத்து விவரத்தில்தான் நடந்தது. பத்திரத்தில் பழைய புல எண்ணும், கிழக்கெல்லையாக ஒரு வண்டிப்பாதையும் இருந்தன. யுடிஆரில் அந்தப் புலம் இரண்டு உட்பிரிவுகளாகிவிட்டது. வண்டிப்பாதையோ உழவில் கரைந்து போயிருந்தது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர், நில அளவருடன் வந்து, புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, வேலிப் புதருக்குள் புதைந்து கிடந்த எல்லைக்கல் ஒன்றைத் தோண்டி எடுக்கச் செய்தார். அந்தக் கல்லிலிருந்து அளந்தபோது பத்திரத்தின் நான்கெல்லையும் புதிய உட்பிரிவும் பொருந்தின. எதிர்த்தரப்பின் பட்டாவைக் குறை சொல்லி நாங்கள் வென்றிருக்க முடியாது. வாதி தன் உரிமையின் பலத்தில்தான் ஜெயிக்க வேண்டும். மூலப்பத்திரம் முதல் எங்கள் கிரயம் வரை சங்கிலி அறுபடாமல் இருந்ததே எங்களைக் காப்பாற்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளம்புகை ஊருக்கெல்லாம் பொருந்தும் அறிவிப்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி அது வழக்கின் தரப்பினரையும், அவர்கள் வழியாக உரிமை கோருபவர்களையுமே கட்டுப்படுத்தும். அந்தப் பங்காளிக்குத் திருமணமாகி வெளியூரில் வாழும் மகள் ஒருவர் இருந்தார். அவருக்கு இதில் அக்கறையே இல்லை என்று எல்லோரும் சொன்னாலும், வழக்கறிஞர் அவரையும் பிரதிவாதியாகச் சேர்த்தார். அவர் வராததால் அவர்மீது ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பாயிற்று. அவரைச் சேர்க்காமல் விட்டிருந்தால், பின்னாளில் தம் பங்கைக் கேட்டு அவர் தனி வழக்குப் போடும்போது இந்தத் தீர்ப்பு அவரைத் தடுத்திருக்காது.

மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடு முடிந்ததும், தீர்ப்பு, தீர்ப்பாணை (டிக்ரி) இரண்டின் சான்றிட்ட நகல்களையும் இணைத்து வட்டாட்சியரிடம் மீண்டும் மனுக் கொடுத்தோம். தீர்ப்பாணையின் சொத்து விவரத்தில் புதிய உட்பிரிவு எண்ணும் இருந்ததால் பெயர் மாற்றம் தடையின்றி நடந்தது. பழைய எண்ணை மட்டும் எழுதித் தீர்ப்பாணை வாங்கியவர்கள், அதைத் திருத்தக் கோரி அதே நீதிமன்றத்தின் படியை மறுபடியும் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.