ஊட்டிக் குளிரில் காக்டெயில் கிளி காலையில் உப்பிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது, என்ன செய்யலாம்?

மலையேறி வந்தவள்
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு மாற்றலானதால் டிசம்பர் முதல் வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குடிவந்தோம். கூடவே எங்கள் காக்டெயில் (கொண்டை வைத்த சின்னக் கிளி) ஜோடியும் வந்தது. இரண்டுக்கும் 3 வயது. கீழே இருந்தவரை ஒரு நாள்கூடச் சோர்ந்து பார்த்ததில்லை. இங்கே பத்து நாளாகப் பெண் கிளி விடிகாலையில் பந்து மாதிரி உப்பி, கொண்டையைப் படிய வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது. 10 மணிக்கு வெயில் ஏறினால் தேறிவிடுகிறது. தினையை உடைத்துத் தின்கிறது, தலையைச் சொறிந்துவிடச் சொல்லி ஆணிடம் குனிகிறது. மறுநாள் மறுபடி அதே கதை. ஆண் கிளி நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய காலத்து வீடு. ஹாலில் கணப்படுப்பை ஒட்டிக் கூண்டை வைத்திருக்கிறேன். அந்த அடுப்பை நாங்கள் மூட்டுவதில்லை. ஜன்னல்களைச் சாத்தி, கூண்டை முழுவதும் கம்பளியால் மூடுகிறேன். பக்கத்து வீட்டு அம்மா இரும்புச் சட்டியில் கரி போட்டு இரவு முழுக்க ஹாலில் வைக்கச் சொல்கிறார். கூண்டுத் தட்டில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டால் சளி பிடிக்காதாம். இன்றிரவே செய்யலாமா? மனசு கேட்கவில்லை.

குன்னூர்வாசி
தங்கச்சி, கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது. மலை ஊர்களில் அப்படித் தூங்கிய மனிதர்களே எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். பறவைக்கு நம்மைவிட ஆபத்து அதிகம். அதன் உடம்பில் காற்றுப்பைகள் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலுக்குள் புதுக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நஞ்சும் சீக்கிரம் ஏறும். பிரிட்டனில் 1986 வரை சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது இதற்காகத்தான்.

தைலமும் வேண்டாம். நமக்கு மூக்கடைப்பை விடுவிக்கிற அந்தக் காரம் 90 கிராம் பறவைக்குத் தாங்காது. சாம்பிராணி, கொசுவர்த்தி, கற்பூரம் எதுவும் அந்த அறையில் கூடாது.

கூண்டும் கிளியும்
அக்கா, கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல 60 வாட்ஸ் குண்டு பல்பைக் கூண்டுக்குள் தொங்கவிடுங்கள். போன வருஷம் நான் அப்படித்தான் செய்தேன்.

தினைக்கதிர்
பல்பு சூடு தரும், சரி. ஆனால் ராத்திரி முழுக்க வெளிச்சம் அடித்தால் கிளி எப்போது தூங்கும்? அதற்கு 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். உள்ளே தொங்கும் பல்பில் கால் பட்டால் வெந்தும் போகும். வெளிச்சமே தராத செராமிக் ஹீட் எமிட்டரை, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு கூண்டுக்கு வெளியே, ஒரு பக்கமாக மட்டும் வைக்கலாம். குளிர்ந்தால் கிளி அந்தப் பக்கம் வரும், போதுமென்றால் விலகிக்கொள்ளும். அறைக்கே வேண்டுமென்றால் ஆயில் ஹீட்டர். எதை வாங்கினாலும் நான்ஸ்டிக் பூச்சு இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பூச்சு அதிகமாகச் சூடேறினால் வரும் புகை சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். சமையலறைத் தவாவுக்கும் இதேதான்.

ஆனால் ஹீட்டருக்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். காலை 6 மணிக்குக் கிளி உட்காரும் கம்பின் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். அப்புறம் டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, கூண்டின் நான்கு பக்கமும் பிடித்து, காற்று வருகிறதா என்று பாருங்கள். எனக்கு அந்தக் கணப்படுப்பின் மேல்தான் சந்தேகம்.

மலையேறி வந்தவள்
பார்த்தேன்! கம்பருகே 9 டிகிரி. படுக்கையறை உட்சுவர் ஓரம் 14. அடுப்புப் பக்கம் பிடித்த டிஷ்யூ நிற்கவே இல்லை, கூண்டை நோக்கிப் படபடத்தது. பெண் கிளி எப்போதும் உட்காரும் மூலையும் அதுதான்.

தினைக்கதிர்
அப்படியென்றால் புகைபோக்கி வழியாக ராத்திரி முழுக்கக் குளிர்காற்று இறங்கிக் கிளியின் முதுகில் விழுந்திருக்கிறது. ஆரோக்கியமான காக்டெயில் பழக்கப்பட்ட குளிரைத் தாங்கும். சொந்த ஊரான ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலும் குளிர்கால இரவுகள் நன்றாகவே குளிரும். ஆனால் சமவெளியிலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே ஒரே நாளில் வந்து, ஓயாத காற்றிலும் உட்கார்ந்தால் தாங்காது. இறகை உப்பி உள்ளே பிடித்துவைக்கும் வெதுவெதுப்பைக் காற்று கலைத்துக்கொண்டே இருக்கும்.

கூண்டைப் படுக்கையறை உட்சுவருக்கு மாற்றுங்கள், நெஞ்சு உயரத்தில். கம்பளி மூன்று பக்கம் மட்டும் போதும், முன்பக்கம் திறந்திருக்கட்டும். கும்மிருட்டும் வேண்டாம். காக்டெயில் ராத்திரி திடுக்கிட்டுக் கூண்டில் மோதிக்கொள்ளும் ஜாதி. தூரத்தில் ஒரு ஜீரோ வாட்ஸ் எரியட்டும்.

குன்னூர்வாசி
எடையையும் பாருங்கள். தினம் காலையில் எச்சம் போட்டபின், தீனிக்கு முன், கிராம் காட்டும் சமையல் தராசில். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்கக் கூடாது. மூக்கில் ஈரம், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, பகலிலும் உப்பியிருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பறவை பார்க்கும் டாக்டர். ஒற்றைக்காலில் தூங்கினால் பயப்படாதீர்கள், அது நிம்மதியான தூக்கம். இரண்டு காலும் ஊன்றி உப்பியிருந்தால்தான் எனக்குக் கவலை.

இங்கே மலிவாகக் கிடைக்கிறதென்று பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) கொடுத்துவிடாதீர்கள். கிளிக்கு அது விஷம்.

மலையேறி வந்தவள்
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். கூண்டை மாற்றிய அன்று 86 கிராம் இருந்தது, இன்று 90. ஆயில் ஹீட்டரைப் படுக்கும்முன் இரண்டு மணி நேரம் மட்டும் போடுகிறோம். விடிகாலையில் 16 டிகிரி நிற்கிறது. இன்று 7 மணிக்கு நான் எழும்போதே பெண் கிளி கொண்டையை நிமிர்த்தி, ஒரு இறக்கையையும் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறித்தது. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அக்கா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம்: ஹீட்டர் போட்டதிலிருந்து இறகுத்தூள் அதிகமாகக் கொட்டுகிறது. குளிப்பாட்டலாமா?

தினைக்கதிர்
தாராளமாக. வெயில் நன்றாக இருக்கும் நாளில், 11 மணியிலிருந்து 1 மணிக்குள், வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்ப்ரேயில் பனிபோலத் தூவுங்கள். சாயங்காலத்துக்குள் அடிச்சிறகுவரை காய்ந்துவிட வேண்டும். மேகம் மூடிய நாளில் விட்டுவிடுங்கள், அறைக் காற்று வறளாமலிருக்க ஹீட்டர் பக்கம் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் போதும். கிளி உள்ளே விழாதபடி மேலே கம்பி வலை போட்டு வையுங்கள்.