மில்லு மரத்துல தூரி கட்டிட்டேன், இப்ப பயமா இருக்குதுங்க

சாளைக்காரன் (கோபி பக்கம்)

ஏனுங்க, வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க. போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு பழைய சாமான் கடைல, நூல் மில்லு இடிச்சதுல வந்த கூலிங் டவர் (சுடுதண்ணிய ஆற வெக்கற கோபுரம்) மரம்னு சல்லிசா குடுத்தாங்க, ஒரு வண்டி ஏத்திட்டு வந்து தோட்டத்துச் சாளை முன்னாடி பசங்களுக்கு தூரி கட்டி, கோழிக்கூண்டுக்கும் கால் நட்டுட்டேன், மிச்சம் கெடந்த துண்டையெல்லாம் அம்மா பொடக்காளி அடுப்புல வெச்சு தண்ணி காய வெச்சுட்டாங்க. வெளிய பாத்தா சாம்பக்கலர், அறுத்தா உள்ள லேசா பச்சை. கரையான் ஏறவே ஏறாதுன்னு கடைக்காரர் சொன்னப்ப சந்தோசமா இருந்துச்சு. நேத்து மச்சான் வந்தவன் "கரையானே திங்காத மரத்த உம்பட பையன் கடிச்சிட்டிருக்கான்"னு ஒரு போடு போட்டுட்டுப் போயிட்டான், ராத்திரி பூரா தூக்கமில்ல. சின்னவனுக்கு ரெண்டரை வயசு, நெசமாவே சட்டத்தக் கடிக்கறான். வெசமுங்களா இது?

ஆசாரி வீட்டுப் பையன்

பயப்படாதீங்க. எங்கப்பாரு முப்பது வருசமா இந்த மாதிரி மரம் அறுத்திருக்காரு, ஒண்ணும் ஆகல. அறுக்கற அன்னைக்கு மட்டும் கை அரிக்கும், மூக்கு எரியும், அவ்ளோதான். வேணும்னா வேஸ்ட் இஞ்சின் ஆயில் ரெண்டு கோட்டு அடிச்சு வுடுங்க, நாங்க வேலிக்கால் எல்லாத்துக்கும் அதான் அடிக்கறது.

கெமிஸ்ட்ரி வாத்தி

வேஸ்ட் ஆயில் மட்டும் அடிச்சுப்போடாதீங்க சாமி. ஓடுன இஞ்சின் ஆயில்ல புத்துநோய் வரவைக்கற சங்கதி இருக்கு, புள்ள உக்காந்து ஆடற பலகைல அதப் பூசறது ஒரு வெசத்து மேல இன்னொரு வெசம். அப்பாருக்கு ஒண்ணும் ஆகலைங்கறது சந்தோசம், ஆனா அரிப்பும் எரிச்சலும் "ஒண்ணும் ஆகல" கணக்குல வராதுங்க.

கூலிங் டவர் மரம்னா பெரும்பாலும் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூணும் கலந்த மருந்த பிரஷர்ல உள்ள ஏத்துனதாத்தான் இருக்கும், சிசிஏன்னு சொல்லுவாங்க. இதக் கண்டுபிடிச்சது நம்ம நாட்டுக்காரர்தான், சொந்தி காமேசம், 1933ல, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல. அஸ்கூன்னு பேரு வெச்சாங்க, வயசான மரக்கடைக்காரங்க இன்னும் அஸ்கூ மரம்னுதான் சொல்லுவாங்க. தாமிரம் பூஞ்சைக்கு, ஆர்சனிக் கரையானுக்கு, குரோமியம் ரெண்டையும் மரத்தோட கட்டிப்போட. பச்சை தாமிரத்தால வர்றது, அதனால பச்சைய மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, ஆர்சனிக் இல்லாத புது மருந்துலயும் தாமிரம் இருக்கு.

மரத்தத் தொட்ட ஒடனே ஒண்ணும் ஆயிராது. மழைலயும் வெயில்லயும் ஆர்சனிக் கொஞ்சங்கொஞ்சமா மேல வந்து கைல ஒட்டும், தோல் வழியா போறது கம்மி, கைய வாயில வைக்கற புள்ளைகளுக்குத்தான் வெவகாரம். உங்க பையன் நேரா கடிக்கவே செய்யறான், தூரிய இன்னைக்கே கழட்டுங்க.

ஆனா நீங்க போட்டதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது தூரி இல்ல, அடுப்பு. எரிச்சா ஆர்சனிக்ல ஒரு பங்கு பொகையோட போகும், மீதி சாம்பல்ல தங்கும். ஒரு கூடை மரத்துல இருந்த வெசம் ஒரு கை சாம்பல்ல வந்து உக்காந்துக்கும். இந்த மாதிரி சாம்பல நக்கி மாடு செத்ததெல்லாம் உண்டு. அந்தச் சாம்பல என்ன பண்ணுனீங்க?

ஈரோடு டூ அட்லாண்டா

வாத்தி சொல்றது செரி. நான் இங்க வாங்குன வீட்டுப் பின்னாடி டெக்கு, அதான் பலகை போட்ட திண்ணை, இதே மரம்தாங்க. அமெரிக்கால 2003 கடைசியோட வீட்டு உபயோகத்துக்கு இந்த மருந்து போடறத நிறுத்திட்டாங்க, ஆனா அதுக்கு முன்ன கட்டுனத இடிக்கச் சொல்லல. வருசத்துக்கு ஒருதரம் மரத்துக்குள்ள எறங்கற ஆயில் ஸ்டெயின் அடிச்சா மேல வர்றது கொறையும்னாங்க, அடிச்சிட்டிருக்கேன். பெயிண்ட் வேண்டாம், அது பொரிஞ்சு உரிஞ்சா அந்தப் பொருக்கே வெசம். சோறு டெக்குல வெச்சுத் திங்கறதில்ல, வெளையாடிட்டு வந்தா சோப்புப் போட்டுக் கை கழுவணும். ஊர்ல அம்மாயிகிட்ட இதச் சொன்னா, பனங்கை போட்ட வீடு நூறு வருசம் நிக்கலியா, இதெதுக்குன்னு கேக்கறாங்க. அவங்க கேக்கறதும் ஞாயந்தான்.

மில்ரோடு 71

யூகமே வேண்டாங்க. கோயமுத்தூர்ல பவுண்டரி வெச்சிருக்கறவங்க யாராச்சும் தெரிஞ்சா எக்ஸ்ஆர்எஃப் கன் இருக்குதான்னு கேளுங்க, உலோகம் என்னன்னு சோதிக்கறது. மரத்துல வெச்சா அளவு சரியா காட்டாது, ஆனா தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூணும் சேந்து காட்டுச்சுன்னா வேற பேச்சே வேண்டாம்.

சாளைக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. பெரியப்பா பையன் பவுண்டரில கன் இருந்துச்சு, ஒரு துண்டு எடுத்துட்டுப் போனேன், மூணும் காட்டுச்சு. தூரியக் கழட்டிட்டேன், இப்போதைக்கு வேப்பமரத்துக் கெளைல கயித்துத் தூரி, சின்னவனுக்கு அதுதான் புடிச்சிருக்கு. கோழிக்கூண்டுக் காலையும் புடுங்கியாச்சு. வாத்தி, சாம்பல் ரெண்டு கூடை அம்மா அவரைப் பந்தலுக்கும் கீரைப் பாத்திக்கும் போட்டுட்டாங்க, ஒரு டப்பா பாத்திரம் வெளக்க வெச்சிருக்காங்க. என்ன பண்றதுங்க?

கெமிஸ்ட்ரி வாத்தி

டப்பாவ மொதல்ல மூடி எடுத்து வைங்க, அதுல வெளக்குன பாத்திரத்தெல்லாம் சோப்புப் போட்டு நல்லா கழுவுங்க. பாத்தில சாம்பல் பட்ட மேல்மண்ண லேசா தண்ணி தெளிச்சு, மூக்க மூடிக்கிட்டு, அரை அடிக்கு வழிச்சு சாக்குல கட்டுங்க, கெணத்துப் பக்கமும் கட்டுத்தாரைப் பக்கமும் கொட்டாதீங்க. கீரையப் புடுங்கிருங்க, எலைலயும் கெழங்குலயும்தான் ஆர்சனிக் அதிகம் ஏறும், மண்ணும் ஒட்டிட்டு வரும். அவரைக்காய்ல ஏறறது கம்மி, இருந்தாலும் மண்ண டெஸ்ட் பண்ணிட்டுத் திங்கறது நல்லது. மாட்ட அந்தப் பக்கம் கட்டாதீங்க.

சாளைக்காரன்

கீரை போச்சு. அவரை மேல கை வெச்சா சாளைய விட்டே போயிருவேன்னு அம்மா நிக்கறாங்க, மண் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காய மட்டும் பறிக்க வேண்டாம்னு கெஞ்சி வெச்சிருக்கேன். மீதி சட்டம் தார்ப்பாய்க்குள்ள கெடக்குது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்கறாரு, போன் பண்ணுனா "நல்ல மரமுங்க அது"ங்கறாரு.