தினமும் தண்ணீர் ஊற்றியும் பீஸ் லில்லி வாடுகிறது, உதவுங்கள்

முல்லைக்கொடி: மூன்று நாளாக என் பீஸ் லில்லி துவண்டு கிடக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், நிழலில்தான் இருக்கிறது. பூவும் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்வெட்டி: தொட்டியா, தரையா? விரலை விட்டுப் பாருங்கள், மண் ஈரமா, காய்ந்திருக்கிறதா?

செம்பருத்தி: மெக்னீசியம் குறைவுதான். எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். என் ரோஜாவைக் காப்பாற்றியதே அதுதான்.

மண்வெட்டி: மெக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் விழும். செடி துவளாது.

ஆணிவேர்: இதே கேள்வி எத்தனை முறை வந்தாயிற்று, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாமே. முதலில் இது லில்லியே இல்லை, சேம்புக் குடும்பம். வெள்ளையாக இருப்பது பூவும் இல்லை, பாளை. நடுவில் நிற்கிற தண்டில் புள்ளி புள்ளியாக இருப்பவைதான் பூக்கள்.

செம்பருத்தி: வாடுகிற செடிக்குக் குடும்பம் எதற்குங்க?

ஆணிவேர்: பூனை வளர்ப்பவர்களுக்குத் தேவை. உண்மையான லில்லி பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். இதைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். பச்சைச் சேம்பு நாக்கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான்.

செம்பருத்தி: அவர் பூனையைப் பற்றிக் கேட்கவே இல்லையே.

மண்வெட்டி: அதை அப்புறம் பேசலாம். முல்லைக்கொடி, தொட்டியில் ஓட்டை இருக்கிறதா? ஈர மண்ணிலேயே துவண்டால் பெரும்பாலும் வேர் அழுகல்தான். காற்று கிடைக்காமல் வேர் செத்துவிட்டால் தண்ணீர் மேலே ஏறாது. இலை வாடுகிறதே என்று நாமும் இன்னும் ஊற்றுவோம். செடியை உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி விறைப்பாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கொழகொழவென்று வழுக்கிக்கொண்டு வந்து, நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் நறுக்கிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் போதும். பூவுக்கு, நேர் வெயில் படாத நல்ல வெளிச்சம் வேண்டும். நிழல் என்றால் இருட்டு இல்லை.

முல்லைக்கொடி: ஓட்டை இருக்கிறது, ஆனால் அலங்காரத் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தேன், அதைச் சொல்லவில்லை. தூக்கினால் அடியில் நான்கு விரல் தண்ணீர், ஒரே நாற்றம். பாதி வேர் போய்விட்டது. நறுக்கி மாற்றிவிட்டேன். நடுவில் சுருண்டிருந்த குருத்து மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. நன்றி.

செம்பருத்தி: இப்போதாவது கொஞ்சம் எப்சம் உப்பு?

மண்வெட்டி: புது வேர் விடும்வரை உப்பும் வேண்டாம், உரமும் வேண்டாம்.