புதுப்பிப்பு: ஜவ்வரிசி, மரவள்ளி மாவு, வடகம் ஆகியவற்றின் சுங்க வகைப்பாடு

சேலத்து மரவள்ளிப் பொருள்கள் அனைத்தையும் ஒரே சுங்கத் தலைப்பில் (சுங்க அட்டவணையில் பொருள்களை வகைப்படுத்தும் நான்கு இலக்க எண்) ஏற்றுமதி செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியாது என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

கிழங்கை உலர்த்தி அரைத்த மாவு 1106-இலும், கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச் (மாவுச்சத்து) 1108-இன் உட்பிரிவான 1108 14 என்னும் துணைத்தலைப்பிலும், அதே ஸ்டார்ச்சை மணிகளாக உருட்டி வறுத்த ஜவ்வரிசி 1903-இலும் அடங்குகின்றன. வேதிமுறையில் மாற்றப்பட்ட ஸ்டார்ச்சோ உணவு அத்தியாயங்களையே விட்டு வெளியேறி, பசைகள் இடம்பெறும் 35-ஆம் அத்தியாயத்தில் 3505-க்குப் போய்விடுகிறது. பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

நண்பர்கள் அதிகம் விவாதித்தது வடகத்தைப் பற்றி. 'வேறெங்கும் குறிப்பிடப்படாத உணவுத் தயாரிப்புகள்' என்னும் 2106-ஐச் சிலர் பரிந்துரைத்தனர். ஆனால், சுங்க அட்டவணையைப் பொருள்கொள்வதற்கான முதல் பொது விளக்க விதிப்படி தலைப்பின் வாசகமும் அத்தியாயக் குறிப்புகளுமே முதலில் பார்க்கப்பட வேண்டியவை என்பதாலும், 1905-இன் வாசகம் அரிசித்தாளையும் (மாவுக் கூழை மெல்லிய தாளாக உலர்த்திய உணவுப்பொருள்) அதையொத்த பொருள்களையும் உள்ளடக்குவதாலும், ஸ்டார்ச் கூழை வட்டமாக ஊற்றி உலர்த்திய வடகத்துக்கு அதுவே பொருந்தும் என்பது என் முடிவு. அப்பளத்துக்கு இந்தியச் சுங்க அட்டவணையில் 1905 90 40 என்று தனிப் பதிவே இருக்கிறது. வடகத்தைப் பொரித்து விற்பதானால் துணைத்தலைப்பை மீண்டும் பார்க்க வேண்டும்.